நான்கு இலைக்குள் அடங்காத வரலாறு

கனடாவில் பிள்ளைகளை ஐஸ் ஹொக்கிக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோருக்கும், நம் விளையாட்டுக் கழகங்களின் நிர்வாகத்தினருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

என் மகனுக்கு இந்த ஆண்டு 15 வயது நிறைகிறது. கடந்த மாதம் ஒரு ஜூனியர் அணிக்காக இளம் வீரர்களைத் தேடித் தெரிவு செய்யும் ஸ்கவுட் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். என் மனைவி போட்டுக் கொடுத்த தேநீரைக் குடித்தபடி, மகன் எங்கே படிப்பான், யார் வீட்டில் தங்குவான், வாரத்துக்கு எத்தனை ஆட்டங்கள் ஆடுவான் என்பதையெல்லாம் பொறுமையாக விளக்கினார். விடைபெறும்போது, "அவனை எங்கள் சொந்தப் பிள்ளையாகப் பார்த்துக்கொள்வோம்" என்று சொல்லி என் கையைப் பற்றினார். நல்ல மனிதர், அவர் சொன்னதை நான் ஐயுறவில்லை. ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இத்தகைய ஒரு நம்பிக்கையின் பேரில்தான் 1980களில் மேற்குக் கனடாவின் பண்ணை வீடுகளிலிருந்தும் சிறு நகரங்களிலிருந்தும் தாய் தந்தையர் தங்கள் பிள்ளைகளை சஸ்காச்சுவான் மாகாணத்தின் சுவிஃப்ட் கரன்ட் என்ற ஊருக்கு அனுப்பி வைத்தார்கள். அந்த ஊரின் அணியான புரொங்கோஸின் வரலாற்றை நீங்கள் முழுமையாக அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். அந்த வரலாற்றின் ஒரு பாதியைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். மறு பாதியைப் பற்றி நம் வீடுகளில் எவரும் பேசி நான் கேட்டதில்லை.

ஹொக்கிக்குப் புதியவர்களான பெற்றோருக்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் ஜூனியர் ஹொக்கியின் உச்சியில் மூன்று லீக்குகள் உள்ளன. ஒன்ராறியோவுக்கு ஒன்று, கியூபெக்குக்கும் அட்லாண்டிக் மாகாணங்களுக்கும் ஒன்று, மேற்கு மாகாணங்களுக்கு ஒன்று. பெரும்பாலும் 16 முதல் 20 வயது வரையுள்ள இளைஞர்கள் இவற்றில் ஆடுகிறார்கள். தெரிவு செய்யப்படும் பிள்ளை வீட்டை விட்டுப் போய், அணி இருக்கும் ஊரில் பில்லட் எனப்படும் ஒரு விருந்தோம்பும் குடும்பத்தோடு தங்கி, அங்குள்ள பள்ளியில் படித்து, மாரிகாலம் முழுவதும் பஸ்ஸில் ஊர் ஊராகப் பயணம் செய்து ஆடுகிறான். மூன்று லீக்குகளின் வெற்றியாளர்களும் போட்டியை நடத்தும் ஊரின் அணியும் மெமோரியல் கோப்பைக்காக மோதுவார்கள். முதல் உலகப் போரில் உயிர் நீத்த கனேடியரின் நினைவாக 1919 இல் தொடங்கப்பட்ட கோப்பை அது.

சுவிஃப்ட் கரன்ட், டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலை ஓரத்தில், கோதுமை வயல்களுக்கு நடுவே உள்ள சிறிய நகரம். சுமார் 16,000 பேர் வாழும் அந்த ஊரில் 1967 இல் புரொங்கோஸ் அணி தோன்றியது. 1974 இல் அணி அல்பேர்ட்டாவின் லெத்பிரிட்ஜ் நகரத்துக்குப் பெயர்ந்து போனது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1986 இல், ஊர் மக்கள் பாடுபட்டு அதைத் திரும்ப வாங்கிக் கொண்டுவந்தார்கள். அணிக்குத் தனி முதலாளி கிடையாது. ஊரே அதன் உரிமையாளர். நம் ஊர்களில் கோயில் திருவிழாவை எப்படி எல்லாரும் சேர்ந்து தூக்கி நிறுத்துவார்களோ, அப்படித்தான் அந்த ஊர் தன் அணியைத் தூக்கி நிறுத்தியது. மளிகைக் கடையில் பேச்சு அதுதான். தேவாலய வாசலில் பேச்சு அதுதான். அந்த அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பின்னர் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள அந்த அன்பின் அளவையும் நாம் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

திரும்பி வந்த முதல் பருவத்திலேயே, 1986 டிசம்பர் 30 அன்று பிற்பகல், ரெஜைனா பேட்ஸ் அணியுடன் ஆடுவதற்காக சுமார் 245 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ரெஜைனாவுக்கு அணியின் பஸ் புறப்பட்டது. ஊரின் கிழக்கு எல்லையைத் தாண்டிச் சிறிது தூரம் போவதற்குள், சாலையில் படிந்திருந்த பனிக்கட்டியில் பஸ் கட்டுப்பாட்டை இழந்து, சரிவில் இறங்கி, எம்பிப் பறந்து, பக்கவாட்டில் விழுந்தது. பஸ்ஸின் பின்பகுதியில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த நால்வர் உயிரிழந்தார்கள். டிரென்ட் கிரெஸ்ஸிக்கு 20 வயது. ஸ்கொட் குரூகருக்கும் கிறிஸ் மன்டிகாவுக்கும் 19. பிரென்ட் ரஃபுக்கு 16. இன்று நம் பிள்ளைகள் எந்த வயதில் வீட்டை விட்டுப் புறப்படுகிறார்களோ, அதே வயது.

சின்னஞ்சிறு ஊர் அது. இறந்தவர்களில் ஸ்கொட் குரூகர் உள்ளூர்ப் பிள்ளை. பஸ்ஸின் முன்பகுதியில் இருந்த ஜோ சாக்கிக் என்ற பதினேழு வயதுப் பையன் காயமின்றி வெளியே வந்தான். பிற்காலத்தில் கொலராடோ அணிக்குத் தலைமை தாங்கி தேசிய ஹொக்கி லீக்கின் (NHL) உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையை இருமுறை வென்றவர் அவர்தான். குரோஷியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்து, பள்ளிக்குப் போகும்வரை வீட்டு மொழியை மட்டுமே பேசி வளர்ந்தவர் என்பதால், நம் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சுட்டிக்காட்டும் பெயர் அது.

அணி கலையவில்லை. பருவத்தைத் தொடர்வதென்று முடிவெடுத்து, சில நாட்களில் மறுபடி பனித்தளத்தில் இறங்கினார்கள். சீருடையில் நான்கு இலைகள் கொண்ட ஒரு குளோவர் இலைச் சின்னம் தைக்கப்பட்டது. இலைக்கு ஒன்றாக 8, 9, 11, 22 என்று இறந்த நால்வரின் எண்கள் அதில் இருந்தன. அந்தப் பருவத்திலேயே அணி பிளே-ஆஃப் எனப்படும் பருவ இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தது. மேற்கு லீக்கின் தலைசிறந்த வீரருக்கு வழங்கப்படும் விருதுக்கு நான்கு புரொங்கோஸ் நினைவுக் கோப்பை என்று பெயர் சூட்டப்பட்டது. 1988 இல் அதைப் பெற்றவர் அந்தப் பஸ்ஸிலிருந்து பிழைத்து வந்த சாக்கிக். அடுத்த பருவத்தில் அணி தொட்டதெல்லாம் துலங்கியது. 72 ஆட்டங்களில் 55 வெற்றி. பிளே-ஆஃபில் பன்னிரண்டு ஆட்டங்கள் ஆடிப் பன்னிரண்டையும் வென்றார்கள். 1989 மே 13 அன்று சஸ்காட்டூனில், அந்த ஊர் அணியான பிளேட்ஸை அதன் சொந்த ரசிகர்கள் முன்னிலையில், மேலதிக நேரத்தில் டிம் டிஸ்டேல் அடித்த கோலால் 4க்கு 3 என்ற கணக்கில் வென்று மெமோரியல் கோப்பையைத் தூக்கினார்கள். விபத்தைக் கடந்து வந்தவர்கள் சிலர் அந்த அணியில் இருந்தார்கள். இறந்துபோன ஸ்கொட்டின் சகோதரர் இருவரும் இருந்தார்கள்.

பலரும் கேள்விப்பட்ட பாதி இதுதான். இழப்பிலிருந்து எழுந்த அணி, மூன்றாண்டுக்குள் நாட்டின் முதலிடம். எவர் கேட்டாலும் மெய்சிலிர்க்கும். முதன்முதலில் இதைப் படித்தபோது நானும் கண்கலங்கினேன். என் மகனுக்கு அப்போது ஒன்பது வயது, அவனை மடியில் இருத்தி இக்கதையைச் சொன்னேன். அந்த இளைஞர்களின் துணிவு உண்மையானது. அதில் ஒரு துளியையும் நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

மறு பாதி, அந்த அணியின் பயிற்றுநரைப் பற்றியது. 1989 வெற்றிக்குப் பிறகு கனடாவின் முன்னணி ஹொக்கி இதழ் ஒன்று கிரெஹம் ஜேம்ஸை அந்த ஆண்டின் மனிதராக அறிவித்தது. அந்த அறிவிப்பு வெளிவந்தபோதே, அவர் தம் பொறுப்பில் இருந்த சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கி வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. மனிட்டோபாவின் எல்க்ஹோர்ன் என்ற சிற்றூரில் ஒரு பால்பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்த ஷெல்டன் கென்னடி, தமக்கு 14 வயதாக இருந்தபோது அது தொடங்கியதாகப் பின்னாளில் கூறினார். சிறுவன் ஊர் மாறி அணி மாறிப் போன இடமெல்லாம் அந்த மனிதரின் கைக்குள்ளேயே இருந்தது. சுவிஃப்ட் கரன்ட் பஸ் கவிழ்ந்தபோது கென்னடி அதற்குள் இருந்தார். 1989 இல் கோப்பையைத் தூக்கியவர்களிலும் அவர் ஒருவர்.

இரண்டும் தனித்தனிச் செய்திகள் என்று நீங்கள் எண்ணலாம். நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். விபத்து ஒரு துயரம், பயிற்றுநரின் குற்றம் வேறொரு துயரம், இரண்டும் ஒரே அணிக்கு நேர்ந்தது தற்செயல் என்று. பிழைத்து வந்த வீரர்கள் பிற்காலத்தில் சொன்னவற்றைப் படித்த பிறகுதான் இரண்டையும் கட்டியிருந்த கயிறு எனக்குத் தென்பட்டது. நான்கு தோழர்கள் கண்முன்னே இறந்த பிறகு, அந்த இளைஞர்களுக்கு உளநல ஆலோசகர் எவரும் அளிக்கப்படவில்லை. வெளியார் தேவையில்லை, அணிக்குள்ளேயே பார்த்துக்கொள்வோம் என்று தடுத்தவர் பயிற்றுநர். அன்று அந்த முடிவு உறுதியின் அடையாளமாகவும், குடும்ப ஒற்றுமையின் அடையாளமாகவும் தோன்றியிருக்கும். ஆனால் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகர் அந்தப் பிள்ளைகளோடு தனித்தனியே அமர்ந்து, "உனக்கு என்ன நேர்ந்தது?" என்று கேட்டிருந்தால், பஸ்ஸைப் பற்றிய விடை மட்டுமா வந்திருக்கும்? ஒளிக்க வேண்டியது ஒன்றிருந்த மனிதர், கதவை அடைத்து வைப்பதற்கு ஊரின் துக்கத்தையே தாழ்ப்பாளாகப் பயன்படுத்தினார் என்றே நான் கருதுகிறேன்.

ஜூனியர் அணியில் பயிற்றுநருக்கு இருக்கும் அதிகாரம் பள்ளி ஆசிரியருக்குக் கூட இல்லாத அதிகாரம். எந்தப் பையன் ஆடுவான், எவன் பெஞ்சில் இருப்பான், எவன் வேறு ஊருக்கு மாற்றப்படுவான், தேசிய லீக்கின் ஸ்கவுட்டிடம் எவனைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லப்படும் என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. பிள்ளையின் வீடு பல நூறு கிலோமீற்றருக்கு அப்பால். 1980களில் கைத்தொலைபேசியும் கிடையாது. பில்லட் வீட்டுக் கூடத்திலுள்ள தொலைபேசியில், அந்த வீட்டார் காதுபடத்தான் அம்மாவோடு பேச முடியும். அந்த ஊரிலோ பயிற்றுநரைக் கடவுளுக்கு அடுத்தபடியாக வைத்துப் பார்த்தார்கள். இந்த நிலையில் பதினாறு வயதுப் பையன் வாய் திறந்தால் அவன் எதை எதையெல்லாம் இழக்கக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள். அணியை, கனவை, தன் தகப்பன் ஊரில் நிமிர்ந்து நடக்கும் நடையை. அவன் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி எனக்கு எழவே இல்லை. அவன் யாரிடம் சொல்லியிருக்க முடியும் என்று கேட்டால், அந்த ஊரில் எவரையும் என்னால் காட்ட முடியவில்லை.

கென்னடி 1996 இல் காவல்துறையிடம் சொன்னார். அப்போது அவர் தேசிய லீக்கில் பொஸ்டன் அணியின் வீரர். 1997 ஜனவரியில் ஜேம்ஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றரை ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். கென்னடி தம் பெயரை மறைக்காமல் நாட்டின் முன் வந்து நின்றார். ஆண்பிள்ளைக்கு இப்படியும் நடக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அவர் வந்து நின்றதன் பிறகே மற்றவர்களுக்கும் நா எழுந்தது. பின்னர் தெரியவந்த ஒரு செய்தி நாட்டையே கொதிக்க வைத்தது: 2007 இல் ஜேம்ஸுக்கு அரசின் மன்னிப்பு வழங்கப்பட்டு, அவருடைய குற்றப் பதிவு மறைக்கப்பட்டிருந்தது, அது வெளியில் தெரிந்தது 2010 இல். அந்தக் கொதிப்பின் விளைவாக மன்னிப்புச் சட்டம் இறுக்கப்பட்டது. இடையில் மற்றொரு புகழ்பெற்ற வீரரான தியோ ஃபிளூரியும் ஜேம்ஸால் தமக்கு நேர்ந்ததை வெளிப்படுத்தினார். அந்த வழக்கில் 2012 இல் இரண்டு ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் அடுத்த ஆண்டே ஐந்தாக உயர்த்தப்பட்டது. 2015 இல் சுவிஃப்ட் கரன்ட் காலத்து வீரர் ஒருவரின் முறைப்பாட்டில் மேலும் இரண்டு ஆண்டுகள். கோப்பையை வென்ற நாளிலிருந்து இருபத்தாறு ஆண்டுகள் கழித்தும் அந்த உடைமாற்றும் அறையிலிருந்து உண்மை ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தது.

இதெல்லாம் பழைய கதை, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கைச் சொல்கிறேன். 2022 ஜூலையில், நாட்டின் ஹொக்கியை நிர்வகிக்கும் ஹொக்கி கனடா அமைப்பு நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியமளித்தபோது, 1989 முதல் ஒன்பது பாலியல் முறைப்பாடுகளைத் தீர்ப்பதற்காகத் தன் நிதியம் ஒன்றிலிருந்து 76 இலட்சம் டொலர் செலுத்தியதாகக் கூறியது. அதில் 68 இலட்சம் டொலர் ஜேம்ஸின் குற்றங்கள் தொடர்பானது. அந்த நிதியத்துக்குப் பணம் வந்த வழிகளில் ஒன்று, நாடெங்கும் பிள்ளைகளைப் பதிவு செய்யும்போது பெற்றோர் கட்டும் கட்டணம். ஆகஸ்ட் மாதத்தில் கடனட்டையை எடுத்து நாம் கட்டும் அதே கட்டணம். அவ்வாண்டு ஒக்டோபரில் தலைமை நிர்வாகியும் நிர்வாகக் குழு முழுவதும் பதவி விலக நேர்ந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு சேர்ந்தது சரி. அவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகவே சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் நம் பணம் எதற்குப் போகிறது என்பதையே கேட்டறியாதவர்களாக நாம் இத்தனை ஆண்டுகள் இருந்திருக்கிறோம்.

கென்னடி முறைப்பாட்டோடு நின்றுவிடவில்லை. 1998 இல் உருளைச் சறுக்குக் காலணி அணிந்து கனடாவைக் குறுக்காகக் கடந்து, பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நிதி திரட்டினார். 2004 இல் இன்னொருவருடன் சேர்ந்து ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, விளையாட்டில் மதிப்பு என்ற பயிற்சியை உருவாக்கினார். பருவம் தொடங்குமுன் பெற்றோரில் ஒருவர் இணையத்தில் அமர்ந்து முடித்தாக வேண்டிய பயிற்சி ஒன்று இருக்கிறதல்லவா, பலர் படத்தை ஓடவிட்டுவிட்டுச் சமையலறையில் வேலை பார்ப்போமே, அது அவருடைய உழைப்பிலிருந்து வந்தது. ஒரு மனிதன் தன் இளமையின் சிதைவிலிருந்து எடுத்துத் தந்த பொருள் அது. தயவுசெய்து உட்கார்ந்து பாருங்கள்.

கற்றுக்கொள்ள முடியும் என்பதற்கும் அதே மாகாணத்திலேயே சான்று உண்டு. 2018 ஏப்ரல் 6 அன்று, ஹம்போல்ட் புரொங்கோஸ் என்ற மற்றொரு ஜூனியர் அணியின் பஸ், சாலைச் சந்திப்பில் நிற்காமல் வந்த பாரவண்டியுடன் மோதியது. பஸ்ஸில் இருந்த 29 பேரில் 16 பேர் உயிரிழந்தார்கள். 1970 இல் சுவிஃப்ட் கரன்ட் அணியின் கிளையாகத் தொடங்கப்பட்டதால்தான் ஹம்போல்டுக்கும் அதே பெயர் வந்தது. இம்முறை பிழைத்தவர்களையும் குடும்பங்களையும் எவரும் அடைத்து வைக்கவில்லை. உளநல உதவி ஊருக்குள் வந்தது. 1986 இல் அந்தப் பஸ்ஸிலிருந்து பிழைத்தவர்கள் சிலர், கென்னடி உட்பட, ஹம்போல்டுக்கே போய் அந்தக் குடும்பங்களோடு அமர்ந்து பேசினார்கள். முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் தங்களோடு வந்து அமர எவரும் அனுமதிக்கப்படவில்லை என்பதை அவர்கள் மறந்திருக்கவில்லை. அந்த விபத்தின் பிறகு சஸ்காச்சுவானில் பாரவண்டி ஓட்டுநருக்கு 121.5 மணிநேரப் பயிற்சி கட்டாயமானது. 2020 செப்டெம்பரிலிருந்து கனடாவில் தயாராகும் புதிய நெடுந்தூரப் பஸ்களில் இருக்கைப்பட்டி இருந்தாக வேண்டும்.

இனி நம்மைப் பற்றிப் பேசுகிறேன். சற்றுக் கடுமையாகப் பட்டால் பொறுத்தருளுங்கள்.

நாம் பிள்ளைகளைத் தனியே அனுப்பிப் பழகிய சமூகம். போர்க்காலத்தில் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளை, உயிர் தப்பினால் போதுமென்று, முகவரின் கையில் ஒப்படைத்துக் கடல் கடக்க விட்டவர்கள் நாம். நானே அப்படி வந்தவன்தான். வழியில் என்ன நடந்தது என்று எவரும் எங்களிடம் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. வந்து சேர்ந்தாயா, சாப்பிட்டாயா, அவ்வளவுதான். அந்தப் பழக்கம் நம்மை விட்டு இன்னும் போகவில்லை. அதனோடு குரு பக்தியும் சேர்ந்துகொள்கிறது. மாதா பிதா குரு தெய்வம் என்று தெய்வத்துக்கு முன்னால் ஆசிரியனை நிறுத்தி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அது அழகான பண்பு. ஆனால் கேள்வி கேட்க முடியாத இடத்தில் ஒருவரை நிறுத்தினால், தவறான மனிதர் அந்த இடத்தில் வந்து நிற்கும் நாளில் பிள்ளைக்குப் போக்கிடம் இராது. இவ்விரண்டுக்கும் மேலே மானம் என்ற ஒன்று. ஆண்பிள்ளைக்கு இப்படி நடந்தது என்று வெளியே தெரிந்தால் சபையில் தலைகாட்ட முடியுமா என்ற அச்சம். அந்த மானத்தின் விலையைப் பிள்ளையே கட்டுகிறான்.

நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மகன் ஆடிய கழகம் ஒன்றில், ஒரு ஜனவரி மாத இரவு, பயிற்சி முடிந்து பிள்ளைகள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். நம் தமிழ்ப் பிள்ளை ஒருவன் மட்டும் வரவில்லை. பயிற்றுநர் அவனை உடைமாற்றும் அறையில் நிறுத்தி வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார். அவனுடைய தாயும் நானும் வெளியே நின்றோம். பனித்தளத்தைச் சமன் செய்யும் சம்போனி வண்டி ஒரு முழுச் சுற்றை முடித்து மறு சுற்றுக்குத் திரும்பியது. என் மகன் தோளில் மட்டைப்பையோடு, கழற்றிய காலுறைகளிலிருந்து ஈரம் சொட்ட, என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் கதவைத் தட்டப் போனபோது அந்தத் தாய் என் கையைப் பிடித்து, "வேண்டாம் அண்ணை, தட்டாதேங்கோ. பிறகு இவனைப் பெஞ்சிலை இருத்திப்போடுவினம்" என்றார். நான் கையை எடுத்துக்கொண்டேன். உள்ளே நடந்தது ஆட்டத்தில் விட்ட பிழை பற்றிய கண்டிப்புத்தான் என்று பின்னர் அந்தப் பிள்ளையே சொன்னான். ஆனால் கதவுக்கு வெளியே நின்ற அந்தப் பத்து நிமிடமும் எங்களுக்கு அது தெரியாது. தெரியாமலே நின்றோம். அதற்கான வெட்கம் இன்றும் என்னிடம் இருக்கிறது.

எனவே பெற்றோரிடம் என் வேண்டுகோள் இது. பிள்ளையை ஜூனியருக்கு அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் மகனை அனுப்பவே விரும்புகிறேன். அனுப்புமுன், பயிற்றுநரையும் அணி நிர்வாகியையும் தவிர்த்து, அந்த ஊரில் பிள்ளை தனியே அழைத்துப் பேசக்கூடிய ஒருவர் யார் என்று பெயரோடு கேட்டுப் பெறுங்கள். பில்லட் குடும்பத்தை நேரில் போய்ப் பாருங்கள். ஒரு வேளை அவர்களோடு அமர்ந்து சாப்பிடுங்கள். பில்லட் குடும்பத்தின் பின்னணியைக் காவல்துறைச் சான்று வழியாகச் சரிபார்த்தது யார், எப்போது என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. பிள்ளை தொலைபேசியில் பேசும்போது எத்தனை கோல் என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். அதைவிட முக்கியமாக, அவன் புறப்படும் முன் ஓர் இரவு அவனோடு தனியே அமர்ந்து, "என்ன நடந்தாலும், எவர் செய்தாலும், என்னிடம் சொல், ஹொக்கி போனாலும் பரவாயில்லை, நான் உன்னைத்தான் நம்புவேன்" என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ, அவன் காதில் விழும் மொழியில், வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் அன்பு அவனுக்குத் தெரியும் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். சொன்னால்தான் தெரியும்.

கழக நிர்வாகத்தினருக்கு ஒரு வார்த்தை. ஹொக்கி மட்டுமல்ல, உதைபந்தாட்டம், கிரிக்கெட், பூப்பந்து, பரதம், மிருதங்கம் என்று நம் பிள்ளைகளை ஒப்படைக்கும் இடங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். எந்த வளர்ந்தவரும் ஒரு பிள்ளையோடு மூடிய கதவுக்குள் தனித்திருக்கக் கூடாது, எப்போதும் இருவர் அல்லது பிறர் பார்வையில் படும் இடம் என்ற விதியைக் கனடாவின் பயிற்றுநர் சங்கம் வகுத்து வைத்திருக்கிறது. அதைத் தமிழில் எழுதி உங்கள் மண்டப வாசலில் ஒட்டுங்கள். பயணத்தில், அறையில், தொலைபேசிச் செய்தியில் எல்லாம் அவ்விதி செல்லும் என்று பயிற்றுநர்களிடம் கையொப்பம் வாங்குங்கள். நல்ல பயிற்றுநர்கள் இதனால் புண்படமாட்டார்கள். வீண்பழியிலிருந்து அவர்களையும் காக்கும் விதி அது. முறைப்பாடு வந்தால் அதைக் கேட்பவர் நிர்வாகத்தின் உறவினராகவோ நண்பராகவோ இருக்கக் கூடாது. ஆண்டுவிழாவுக்குச் சிறப்பு விருந்தினரை அழைப்பதில் காட்டும் அக்கறையில் பாதியைக் காட்டி, ஆண்டுக்கொரு முறை உளநலப் பணியாளர் ஒருவரை அழைத்துப் பெற்றோரோடு தமிழில் பேசச் செய்யுங்கள். என் பங்குக்கு நாற்காலி அடுக்கவும் தேநீர் ஊற்றவும் வருகிறேன்.

சுவிஃப்ட் கரன்ட் ஊரை நான் குறை சொல்லவில்லை என்பதையும் இங்கே பதிந்துவிட விரும்புகிறேன். அந்த அணி இன்றும் ஊர் மக்களின் அணியாகவே இருக்கிறது. 1993 இலும் 2018 இலும் மேற்கு லீக்கை வென்றது. விபத்து நடந்த இடத்தில் 2016 இல் நான்கு இலை வடிவில் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. ஒரு கோடையில் குடும்பத்தோடு அவ்வழியே காரில் போனால் நான் கட்டாயம் அங்கே நிறுத்தி, நால்வரின் பெயரையும் மகனை வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். அதே மூச்சில் ஐந்தாவதாக ஷெல்டன் கென்னடியின் பெயரையும் அவனுக்குச் சொல்வேன். அந்த அணியின் வரலாற்றில் அவருக்குரிய இடம் கோப்பைக்குக் குறைந்ததன்று.

அந்த ஸ்கவுட் அடுத்த மாதம் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரிடம் கேட்க வேண்டியவற்றை மகனும் நானும் சேர்ந்து ஒரு தாளில் எழுதி, பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறோம். பயிற்றுநரைத் தவிர்த்து யாரை அழைக்கலாம், பில்லட் வீட்டில் வேறு யார் யார் இருப்பார்கள், ஆலோசகரைப் பார்க்க வேண்டுமென்றால் எவரிடம் அனுமதி கேட்க வேண்டும், அனுமதி கேட்க வேண்டுமா என்பவை என் கையெழுத்தில் இருக்கின்றன. நேற்றுக் காலை பால் எடுக்கப் போனபோது, அவற்றின் கீழே பென்சிலால் அவனாகவே ஒரு வரி சேர்த்திருந்ததைக் கண்டேன்: பஸ்ஸின் பின்வரிசை வரைக்கும் இருக்கைப்பட்டி உண்டா?

இப்படிக்கு,
ஒரு ஹொக்கி வீரனின் தந்தை,
ஸ்காபரோ, ஒன்ராறியோ.